மழைக்காலத்துக்கு ஓர் இனிப்பு டப்பா: வட சென்னை வீடுகளுக்கு

புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் அரிசி, பருப்பு, தண்ணீர் கேன், மெழுகுவத்தி, தீப்பெட்டி என்று ஓடி ஓடி வாங்குகிறோம். அந்தப் பையில் இனிப்புக்கும் ஓர் இடம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் வட சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி பக்கம் தண்ணீர் வடியவே நாளானது. மிக்ஜாம் சமயத்தில் ஒரு பால் பாக்கெட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. மாடி வீட்டில் நாலு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து, வேளாவேளைக்கு உப்புமாவும் பிரெட்டும் சாப்பிடும்போது இரண்டாம் நாளே பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறது. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரு கடலை மிட்டாயும் ஒரு டம்ளர் பாயசமும் அந்த நேரத்தில் கொடுக்கும் தெம்பு பெரிது. அடுப்பு மூட்டவே முடியாத வேளையில் பசியை உடனே தணிப்பதும் இனிப்புதான்.

இருபத்தைந்து வருடம் கெடாமல் வைப்பது எப்படி என்று விளக்கும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தொடங்காதீர்கள். அவை குளிர்ந்த, ஈரமில்லாத நிலவறை உள்ள வீடுகளுக்கானவை. பத்து டிகிரி வெப்பம் கூடினால் பண்டத்தின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு. நம் மே மாதத்தையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டையும் நினைத்துக்கொண்டால் மீதி புரிந்துவிடும். நமக்குச் சரிப்பட்டு வருவது ஒரு வருடச் சுழற்சி. ஆவணியிலும் புரட்டாசியிலும் நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் டப்பா தயாராக இருக்கட்டும். தை பிறந்ததும் காலி செய்யுங்கள். வெல்லம், பாசிப்பருப்பு, முந்திரி, திராட்சை, நெய், ஏலக்காய் என்று டப்பாவில் இருப்பதெல்லாம் பொங்கலுக்கு எப்படியும் வாங்கப்போகிற சாமான்தான். வெள்ளம் வராத வருடத்திலும் ஒரு ரூபாய் வீணாகாது. இதை மனதில் வைத்தால் எதை வாங்குவது என்ற கேள்வியும் எளிதாகிவிடும்: பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பாருங்கள், பொங்கலைத் தாண்டினால் வாங்குங்கள், தாண்டாவிட்டால் வேண்டாம்.

முதலில் அளவு

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் போதும். மொத்தம் 1.4 கிலோ, சுமாராக ஒன்றரைக் கிலோ. இதில் பாதி பிரித்த உடனே சாப்பிடுகிற மாதிரி இருக்கட்டும், மீதி பாதி அடுப்பு இருந்தால் செய்துகொள்கிற மாதிரி. இதற்கு மேல் வாங்கி அடுக்க வேண்டாம். இனிப்பு தாகத்தைக் கூட்டும், அந்த வாரத்தில் நல்ல தண்ணீர்தான் இருப்பதிலேயே அரிய பொருள்.

இது தவிர ஒரு கிலோ சர்க்கரை தனியாக இருக்கட்டும். அது இனிப்புக்கு மட்டும் இல்லை. வெள்ளத்தோடு வயிற்றுப்போக்கும் வரும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைக்கு வரும்வரை தாங்கும். வீட்டில் இன்சுலின் போடுகிறவரோ சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறவரோ இருந்தால் இன்னும் முக்கியம். சாப்பாடு தள்ளிப்போய், வியர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

எது தாங்கும், எது தாங்காது

சர்க்கரை தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காது, பண்டம் கெடாது. அதே குணம்தான் மழைக்காலத்தில் நமக்கு எதிரியாகிறது: காற்றிலுள்ள ஈரத்தையும் அது இழுக்கும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலோரத் தெருக்களில் மழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அந்த ஈரத்தில் வெள்ளைச் சர்க்கரையே பிசுபிசுக்கத் தொடங்கும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அதற்கு முன்பே கசிந்துவிடும். வெயிலைவிட இந்த ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

ஈரம் படாமல் வைத்தால் சர்க்கரை, கல்கண்டு, பனங்கற்கண்டு, தேன் நான்கும் வருடக்கணக்கில் இருக்கும். தேன் உறைந்தால் கெட்டதாக அர்த்தமில்லை, பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம், நாக்கில் தடவுவதுகூட ஆபத்து.

நெய்யில் தண்ணீர் இல்லாததால் அது நன்றாகத் தாங்கும், ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. சேமியா, ஜவ்வரிசி, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், உலர் திராட்சை எல்லாம் தைரியமாக வாங்கலாம். ரவையையும் மைதாவையும் வண்டு தேடி வரும். ரவையை வெறும் வாணலியில் வறுத்து ஆறவிட்டுக் கட்டுங்கள். மைதாவை ஒரு வாரம் பிரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் டப்பாவில் போடுங்கள்.

முந்திரி, வேர்க்கடலை, கொப்பரை மூன்றிலும் எண்ணெய் இருக்கிறது, அதனால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இவற்றைக் கடைசியாக, புரட்டாசி முடிவில் வாங்குங்கள். வேர்க்கடலையில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது. கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறியத் தயங்காதீர்கள்.

பால் இனிப்பு இந்தப் பேச்சிலேயே வராது. கலாகந்துக்கு ஒரு நாள், ரசகுல்லா மாதிரி வங்காள இனிப்புக்கு இரண்டு நாள், லட்டுக்கும் கோவா இனிப்புக்கும் நாலு நாள், நெய்யும் உலர்பழமும் சேர்ந்ததற்கு ஏழு நாள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் வழிகாட்டுதல் சொல்கிறது. கடைத் தட்டில் எதற்குள் சாப்பிட வேண்டும் என்ற தேதியை எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. சவுகார்பேட்டையில் சூடாகக் கிடைக்கும் ஜிலேபி அங்கேயே நின்று சாப்பிட வேண்டிய பண்டம். டின்னில் அடைத்து வரும் ரசகுல்லா, குலாப் ஜாமூன் வேறு கதை, அவை தாங்கும். ஆனால் திறந்த அன்றே முடித்துவிட வேண்டும், ஃபிரிட்ஜ் இருக்காது. ஒரு டின் போதும். டின் ஓப்பனர் ஒன்றும் கூடவே இருக்கட்டும். சாக்லேட் நம் வெயிலுக்கு உருகி வெளுத்துப்போகிறது, விட்டுவிடுங்கள்.

பிரித்ததும் சாப்பிட

கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை, ரஸ்க், கிரீம் இல்லாத பிஸ்கட், சீல் வைத்த சோன் பப்டி எல்லாம் நம் தெருக் கடையிலேயே கிடைக்கும். வீட்டில் செய்வதாக இருந்தால் பொரிவிளங்காய் உருண்டையை நான் முதலில் சொல்வேன். பால் இல்லை, ஈரம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டு மாதம் தாங்கும் என்பதால் ஐப்பசி முதல் வாரத்தில் செய்தால் கார்த்திகை கடைசிவரை வரும்.

ஒரு கப் புழுங்கலரிசி, ஒரு கப் பாசிப்பருப்பு, கால் கப் பொட்டுக்கடலை. மூன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், சேர்த்து வறுத்தால் பருப்பு கருகிவிடும், அரிசி பச்சையாகவே இருக்கும். அரிசி பொரிந்து சிவக்கட்டும், பருப்பு மணம் வரட்டும். ஆறியதும் மில்லில் ரவைப் பதத்துக்கு அரைத்து, ஏலக்காயும் சுக்கும் தட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பல் போடுவது சிலர் வழக்கம், மழைக்கால டப்பாவுக்கு அது வேண்டாம். ஒன்றரைக் கப் பாகு வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிப் பாகு வையுங்கள். எல்லாம் பாகில்தான் இருக்கிறது. ஒரு கிண்ணம் தண்ணீரை அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டு விடுங்கள். முதலில் கரையும், அப்புறம் விரலில் கம்பியாக நீளும், அப்புறம் மெத்தென்று உருளும். அதில் இறக்கிவிட்டால் உருண்டை ஒரு வாரத்தில் நமுத்துவிடும். இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் உருட்டியதை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம். இறக்கி மாவில் ஊற்றிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூடு இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஒருவர் கிளற, இருவர் பிடிக்க என்று ஆள் இருந்தால் நல்லது. முழுக்க ஆறிய பிறகே டப்பா மூடியைப் போடுங்கள்.

கல் மாதிரி இருக்கும் உருண்டையைத் தாத்தா பாட்டியால் கடிக்க முடியாது. அவர்களுக்கு மாலாடு மாவு: பொட்டுக்கடலையும் சர்க்கரையும் ஏலக்காயும் பொடித்துக் கலந்து அப்படியே மாவாகக் கட்டி வையுங்கள். உருண்டையாகப் பிடிக்க வேண்டாம். தேவைப்படும்போது இரண்டு ஸ்பூன் நெய்யைச் சூடாக்கி ஊற்றினால் நிமிடத்தில் மாலாடு. நெய் இல்லாவிட்டால் மாவை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

அடுப்பு இருந்தால்

பாயச பாக்கெட் ஒன்றைக் கட்டிப் பாருங்கள், அப்புறம் விடமாட்டீர்கள். 50 கிராம் சேமியாவை நெய் விடாமல் வறுத்து ஆறவிடுங்கள். 65 கிராம் பால் பவுடர், 60 கிராம் சர்க்கரை, தட்டாத இரண்டு ஏலக்காய், ஒரு பிடி திராட்சை. சேமியாவும் ஏலக்காயும் திராட்சையும் ஒரு கவரில், பால் பவுடரும் சர்க்கரையும் இன்னொரு கவரில், இரண்டையும் சேர்த்து மூன்றாவது கவரில். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சேமியாவை வேகவைத்து, பால் பவுடரைத் தனியாக வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றினால் முடிந்தது. கேஸும் அதிகம் செலவாகாது. முந்திரியைக் கூடவே கட்டாதீர்கள், அதன் சிக்கு வாடை முழுப் பாக்கெட்டையும் கெடுத்துவிடும். இந்தக் கலவையில் வெல்லமும் வேண்டாம், ஈரத்தைக் கொண்டுவந்துவிடும்.

பால் பவுடர் வாங்கும்போது சின்னப் பாக்கெட்டாகப் பாருங்கள். பெரிய பாக்கெட்டைப் பிரித்தால் மழைக்காற்றில் கட்டி கட்டியாகிவிடும். கொழுப்பு நீக்கிய பவுடர் அதிக நாள் தாங்கும், பாயசம் மட்டும் கொஞ்சம் நீர்த்த மாதிரி தெரியும். மில்க்மெய்டு டின் ஒன்று இருந்தால் அந்தக் குறை தீரும்.

இன்னொன்று கடல்பாசி. நோன்பு மாதத்தில் மண்ணடி, ராயபுரம் வீடுகளில் செய்கிற அதே பாசிதான், மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்றும் கேட்கலாம். ஜெலட்டின் ஜெல்லி உறைய ஃபிரிட்ஜ் வேண்டும். இதற்கு வேண்டாம், 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் தானே உறைந்துவிடும். 10 கிராம் பாசியை ஒரு லிட்டர் தண்ணீரில் இழை தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, நன்னாரி சர்பத்தோ சர்க்கரையோ சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்தால் போதும். மழையில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு அது உறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அரை மணி நேரப் பொழுதுபோக்கு.

கட்டுவது

வெயில் அடிக்கிற நாளில், மதிய வேளையில் கட்டுங்கள். மழை பெய்யும்போது கட்டினால் ஈரக் காற்றையும் சேர்த்து உள்ளே அடைத்ததாகிவிடும். டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறவிட்டு அப்புறம் நிரப்புங்கள். உணவுக்கென்று விற்கும் கெட்டியான கவரில் கால் கிலோ கால் கிலோவாகப் பிரித்துக்கொண்டால் ஒன்றைப் பிரிக்கும்போது மற்றவை அப்படியே இருக்கும்.

சீல் போட மெஷின் தேவையில்லை. பெட்டிக்கடைக்காரர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கவரின் வாயில் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஓரத்தை ஒரு ஹேக்சா பிளேடின் மேல் மடித்து, நூலளவு ஓரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடியுங்கள். அந்த ஓரத்தை மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில் ஒரே சீராக இழுத்துச் செல்லுங்கள், நிறுத்தினால் பொத்தலாகும். பிளாஸ்டிக் உருகி ஒரு கோடாகச் சேர்ந்துகொள்ளும். ஆறியதும் கவரை அமுக்கிப் பாருங்கள், காற்று எங்கும் வெளியேறக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

வெல்லத்தை உருண்டையாகவே, செய்தித்தாள் படாமல் கவரில் கட்டி இரட்டையாகச் சீல் போடுங்கள். சர்க்கரையில் எறும்பு வராமல் இருக்க இரண்டு கிராம்பு போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, தாராளமாகப் போடலாம். ஆக்ஸிஜன் உறிஞ்சும் பொட்டலங்கள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. சர்க்கரையில் அதைப் போடாதீர்கள், பாறையாக இறுகிவிடும். சிலிக்கா ஜெல் வைத்தால் உணவுக்கென்று விற்பதாக இருக்கட்டும், கவருக்கு வெளியே, டப்பாவுக்குள்.

கட்டிய கவர்கள் எல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்குள் போக வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவைப் பெருச்சாளி ஓர் இரவில் கடித்துவிடும், வெள்ளம் வந்தால் அவையும் நம்மைப் போலவே மேடு தேடி வரும். டின்களைக் கடல் காற்று துருப்பிடிக்க வைக்கும். துடைத்து, மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, தனிக் கவரில் போட்டு வையுங்கள். எல்லாவற்றின் மேலும் மார்க்கரில் பெயர், கட்டிய மாதம், எப்படிச் செய்வது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் பெரிய பையனோ பக்கத்து வீட்டு அக்காவோ செய்யும்படி இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது

சுவரில் 2015 அல்லது 2023 தண்ணீர்க் கறை இருந்தால் அதற்கு இரண்டடி மேலே. தரைத்தள வீடு என்றால் பரண்தான் வழி, ஆனால் ஷீட் கூரைக்கு நேர் கீழே உள்ள பரண் அடுப்பாகக் கொதிக்கும். அங்கே முந்திரியும் நெய்யும் வேண்டாம், சுவர் அலமாரியின் மேல்தட்டு போதும். மண்ணெண்ணெய், சோப்பு, அந்துருண்டை பக்கத்தில் பால் பவுடர் இருக்கக் கூடாது, வாடையை இழுத்துக்கொள்ளும். ஒரே ஆள் ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் எடைக்குள் டப்பா இருக்க வேண்டும். இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், தூக்கிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

வாங்க கொத்தவால்சாவடி மொத்த மளிகைக் கடைகளும், உலர்பழத்துக்குச் சவுகார்பேட்டையும் போதும். நாலு வீடு சேர்ந்து போய் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டால் விலை குறையும். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் போய்விடுங்கள்.

தண்ணீர் வந்தபின்

கரண்ட் போனதும் முதலில் ஃபிரிட்ஜில் இருப்பதைச் சாப்பிடுங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும், அதற்கு மேல் பால் இனிப்பை நம்ப வேண்டாம். இனிப்பு டப்பாவை இரண்டாம் நாள் மாலை திறந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மழை எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளத் தண்ணீர் பட்ட கவர், அட்டைப் பெட்டி, திருகு மூடி பாட்டில் எதையும் சாப்பிடக் கூடாது. சீல் பிரியாமல் இருந்தாலும் சரி, தேன் பாட்டிலாக இருந்தாலும் சரி. நம் தெருவில் ஓடியது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை, சாக்கடையும் கலந்துதான் ஓடியது. உப்பாத, நசுங்காத, துருப்பிடிக்காத உலோக டின்னை மட்டும் காப்பாற்றலாம். லேபிளை உரித்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுகும் தண்ணீரில் கொதி வந்தபின் இரண்டு நிமிடம் வையுங்கள். கேஸ் இல்லாவிட்டால் வாசனை சேர்க்காத திரவ பிளீச் 15 மில்லியை நாலு லிட்டர் நல்ல தண்ணீரில் கலந்து அதில் கால் மணி நேரம் ஊறவிடலாம். லேபிள் போய்விட்டதால் உள்ளே என்ன இருக்கிறது என்று மார்க்கரில் எழுதி, அன்றைக்கோ மறுநாளோ திறந்து சாப்பிட்டுவிடுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வந்தது எண்ணெய் மிதந்த தண்ணீர். அப்படி எண்ணெயோ ரசாயன வாடையோ ஏறிய டின் என்றால் கழுவிப் பார்க்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள்.

தூக்கிப் போடும்போது கவர்களைக் கிழித்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். சீல் பிரியாத இனிப்புப் பாக்கெட் குப்பையில் கிடந்தால் பசியில் யாராவது ஒரு பிள்ளை எடுத்துச் சாப்பிட்டுவிடும்.